பேச்சி கேட்ட பந்து

ஜெபசீலி வீசும் சாஃப்ட்பால் வேகமாக வருமா, மெதுவாக வருமா என்று கல்லூரியில் ஒருத்திக்கும் தெரியாது. இரண்டுக்கும் கைவீச்சு ஒன்றுதான். அணித்தலைவியும் அவள்தான்.

“ரெண்டு பந்து போடுதேன். ரெண்டையும் அடிச்சா டீம்ல சேத்துக்கிடுதேன். ஒண்ணு தப்பினாலும் நீ பந்து பொறுக்கத்தான், ஏட்டி,” என்றாள், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பேச்சியம்மாளிடம்.

ஒரு வாரமாக வேலியோரம் நின்று அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன பேச்சி, இப்போது ஆளைப் பார்த்தாள்.

“மெதுவாப் போடுங்கக்கா. வேகம்னா எனக்கு நடுக்கம்.”

ஜெபசீலி சிரித்துக்கொண்டே வேகமாக வீசினாள். பேச்சி அடித்த அடியில் பந்து வேலியைத் தாண்டியது.

“பயம் போயிட்டுக்கா. இனி வேகமாவே போடுங்க.”

விடுவாளா? மெதுவாக வீசினாள். பேச்சி பொறுமையாகக் காத்திருந்து அடித்தாள். அதுவும் போயிற்று.

“எப்படிட்டி கண்டுபிடிச்ச?”

“நான் எங்க கண்டுபிடிச்சேன், அக்கா? கேட்டதைக் குடுக்கவே மாட்டேன்னு நீங்கதான ஒத்தக் கால்ல நின்னீங்க!”