வெளிப்படிக்கு விலக்கு

செண்பகச்சேரி ராஜ்யத்தில் மழை பொய்த்தாலும் பொய்க்கும், சட்டம் மட்டும் மாதம் தவறாமல் கொட்டும். கொட்டுகிறவர் வீதி மந்திரி வல்லபராயர். ஒருமுறை ராஜா விசயகேது வீதியுலா போனபோது, யாரோ ஒருவர் வீட்டு வெளிப்படிக்கட்டில் வெண்கொற்றக்குடை உரசிக் கீறிவிட்டது. அவ்வளவுதான். ஊருக்குள் எந்த வீட்டுக்கும் வெளியே படி இருக்கக் கூடாது என்று மந்திரி சட்டம் போட்டார். அந்தக் குடையைக் கரையான் தின்று பல வருஷமாயிற்று. சட்டத்தைத் தின்னத்தான் எந்தக் கரையானுக்கும் தைரியம் வரவில்லை.

ராஜாவைச் சிரிக்க வைத்துச் சம்பளம் வாங்குகிறவன் அங்கமுத்து. ஒருநாள் அவன் வாசலில் கன்னார் தெரு சிங்காரம் வந்து நின்றான். பித்தளைப் பாத்திரம் தட்டுகிறவன். கண் கலங்கியிருந்தது.

“ஐயா, நாளைக்கு உச்சிப்பொழுதுக்குள்ள என் மாடிப்படியை நானே இடிக்கணுமாம். பாகம் பிரிச்சப்போ அண்ணன் கீழ்வீட்டை எடுத்துக்கிட்டு, உள்படியைச் சுவர் வெச்சு அடைச்சிட்டாரு. அதுக்கப்புறம் போட்ட வெளிப்படிதான் எனக்கு வழி. அதுவும் கொல்லைப்பக்கம். அங்கே ராஜா குடை வராது, எங்க ஆடுதான் வரும்.”

“விலக்குக் கேட்டாயா?”

“கேட்டேனே! ‘முதலில் இடி, பிறகு இலாகாவுக்கு நேரில் வந்து கேள்’ங்கறாரு மந்திரி. படி இல்லாம எப்படி இறங்கி வர்றதுன்னேன். ‘அது இலாகாவின் கவலை இல்லை’ன்னுட்டாரு. நாளைக்கு என் பெஞ்சாதி வடிவாளுக்கு வளைகாப்பு ஐயா. தாய்வீடு போயிட்டுப் பிள்ளையோட திரும்பி வர்றவ எதுல ஏறுவா? அதுக்கும் ‘கயிறு கட்டித் தூக்கு’ங்கறாரு!”

“ஏணி வைத்துக்கொண்டால்?”

“நல்லா கேட்டீங்க. வெள்ளையடிக்கிறவன் ஏணியையே வெளிப்படின்னு பறிமுதல் பண்ணிட்டாரே!”

அங்கமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை பெற்றவளைக் கயிற்றில் கட்டித் தூக்கச் சொன்னவன் மேல் நல்ல கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் அவனுக்கு யோசனையும் வரும்.

“இடிப்பதை யாராவது தடுத்தால்?”

“யாரா இருந்தாலும் சிறைன்னு உத்தரவு.”

“பலே! அப்படியென்றால் மந்திரியையும் வளைகாப்புக்கு அழைத்துவிடு. சர்க்கரைப் பொங்கலில் மட்டும் நெய்யைக் குறைக்காதே.”

மந்திரி வராமல் இருப்பாரா? இடிப்பதைப் பார்வையிட்ட மாதிரியும் ஆயிற்று, சாப்பிட்ட மாதிரியும் ஆயிற்று என்று தொந்தியைத் தடவிக்கொண்டே மாடியேறினார். வளையல் அடுக்கி, பாட்டுப் பாடி, ஆரத்தி எடுத்து முடித்தார்கள். வடிவாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாக இறங்கினாள். பெண்கள் எல்லோரும் அவளைத் தாய்வீட்டு வண்டியில் ஏற்றிவிடப் பின்னாலேயே போய்விட்டார்கள். மாடியில் மிச்சம் இருந்தது இரண்டு பேர். இலையும் கையுமாக மந்திரி, பரிமாறிக்கொண்டு அங்கமுத்து.

“நெய் போதுமா மந்திரியாரே?”

“போதும் என்று யார் சொன்னது?”

“இதோ, கொண்டு வருகிறேன்” என்று அங்கமுத்து இறங்கினான். கீழே சிங்காரம் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலோடு நின்றான்.

“ஐயா, என் கையாலேயேவா...”

“அழுதுகொண்டே அடி. ஆனால் சீக்கிரம் அடி.”

மரப்படிதான். ஆப்புகளைத் தட்டத் தட்ட ஒவ்வொரு பலகையாகக் கழன்று விழுந்தது. சத்தம் மாடிக்கும் கேட்டது. “விசேஷ நாளில்கூடப் பாத்திரம் தட்டுகிறானே, உழைப்பாளி!” என்று மெச்சிய மந்திரி, புளியோதரையை இன்னொரு கை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஏப்பம் விட்டுக் கை கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தார். காலைத் தூக்கினார். வைக்க இடம் இல்லை.

“அடேய்! படி எங்கேடா?”

அதற்குள் ராஜாவே வந்துவிட்டார். சட்டம் வேலை செய்கிற அழகைப் பார்க்க வரும்படி அங்கமுத்து காலையிலேயே சொல்லி வைத்திருந்தான்.

“என்ன வல்லபராயரே, மேலே என்ன செய்கிறீர்?”

“படியை இடித்துவிட்டார்கள் மகாராஜா!”

“யார் உத்தரவில்?”

“என் உத்தரவில்தான். நான் நிறுத்தச் சொல்லியிருப்பேன், ஆனால்...”

“நல்லவேளை, சொல்லவில்லை” என்றான் அங்கமுத்து. “சொல்லியிருந்தால் சிறை.”

“ஏணியாவது கொண்டு வாங்கய்யா!”

“ஏணியும் வெளிப்படிதான் என்று தாங்கள்தானே சொன்னீர்கள்?”

“எனக்கு மட்டும் ஒரு விலக்குக் கொடுங்கள் மகாராஜா!”

ராஜா அங்கமுத்துவைப் பார்த்தார். “கொடுக்கலாமா?”

“தாராளமாக. படியைத்தான் முறைப்படி இடித்தாகிவிட்டதே. மந்திரியார் இலாகாவுக்கு நேரில் வந்து கேட்க வேண்டியதுதான்.”

“எப்படி அய்யா இறங்கி வருவேன்?”

“அது இலாகாவின் கவலை இல்லை. வேண்டுமானால் கயிறு கட்டி இறக்குகிறோம்.”

மந்திரி கயிற்றைப் பார்த்தார். தம் தொந்தியைப் பார்த்தார். “சட்டமே வேண்டாம்! ரத்து! இந்த நிமிஷமே ரத்து!” என்று மாடியிலிருந்து கத்தினார். தெரு முழுக்கக் கேட்டது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பறிமுதல் செய்த ஏணி வந்தது. மந்திரி ஒவ்வொரு படியையும் கும்பிடாத குறையாக இறங்கினார். வடிவாள் பிள்ளையோடு வருவதற்குள் மந்திரி செலவில் நல்ல தேக்குப் படி போட வேண்டும் என்று ராஜா கட்டளையிட்டார். சிங்காரம் மறுபடியும் அழுதான், இந்தத் தடவை சந்தோஷத்தில்.

“அங்கமுத்து, உனக்கு என்ன பரிசு வேண்டும்? கேள்!”

“ஒன்றே ஒன்றுதான் மகாராஜா. இனிமேல் எந்த மந்திரி சட்டம் எழுதினாலும் மாடியில் உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். படிக்கட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.”