நான்கு சொல் தந்தி

"சாமி, சீரியஸுக்கும் கிரிட்டிகலுக்கும் என்ன வித்தியாசம்?"

பலவேசம் கேட்டார். சாமி மடத்து வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாருக்குச் சீரியஸ்?"

"யாருக்கும் இல்லை. சும்மா அர்த்தம் கேக்கேன்."

சாமி அடுத்த கட்டுக் கீரையை அவிழ்த்தார்.

மலையடிவாரத்தில் இருந்தது அந்த மடம். சாமியாவதற்கு முன்பு அவர் தந்தி ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஊரில் தந்திச்சாமி என்றால்தான் தெரியும். பலவேசத்தைவிட நாலு வயது இளையவர். அதனால் சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். சீடர் அவரைச் சாமி என்பார்.

ஞானம் கேட்டு அங்கே வந்தவர்கள் குறைவு. இங்கிலீஷ் கேட்டு வந்தவர்கள்தான் அதிகம்.

ஒருமுறை ஒரு வாத்தியார் வந்தார். 'ஹியர்' என்பதற்கும் 'லிஸன்' என்பதற்கும் என்ன வித்தியாசம் என்றார்.

"மதகில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதா?" என்றார் சாமி.

"கேட்கிறது."

"வந்து எவ்வளவு நேரம் ஆகிறது?"

"அரைமணி."

"அரைமணியாக உங்கள் காதில் விழுந்தது ஒன்று. இப்போது கேட்பது இன்னொன்று."

இன்னொரு நாள் ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி வெளிநாடு போகப்போகிறவள். 'அலோன்' வேறு, 'லோன்லி' வேறா என்று கேட்டாள். சாமி அவளைக் காலி அறையில் உட்காரச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து அவளே வெளியே வந்தாள்.

"முதல் கால்மணி நேரம் இருந்தது ஒன்று. அப்புறம் வந்தது மற்றது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்படிப்பட்டவரிடம்தான் பலவேசம் கேட்டார். பதில் வரவில்லை.

பிறகு அவரே சொன்னார்.

"காலையில அண்ணன் மக போன் பண்ணினா."

"என்ன சொன்னாள்?"

"அப்பாவுக்குச் சீரியஸாம். உடனே வரணுமாம்."

"அண்ணன் உயிரோடு இருக்கிறாரா?"

"அதைத்தான் சாமி நானும் கேட்டேன். 'நீங்க வாங்க சித்தப்பா'ன்னு வச்சுட்டா."

சாமிக்கு இது புதிதில்லை. தந்தி ஆபீசுக்கு வருகிறவர், இறந்துவிட்டார் என்றுதான் எழுதிக்கொண்டு வருவார். பக்கத்தில் நிற்கிறவர் பதறுவார். "ஐயையோ, அப்படிப் போடாதீய. சீரியஸ்னு போடுங்க. வர்ற வழியில பிள்ளை மயங்கி விழுந்திருவான்." சாமி சீரியஸ் என்றே அடிப்பார். எத்தனையோ பேர் சாவுக்கு அப்படி அடித்திருக்கிறார்.

"உயிரோடு இருந்தால் போவீர்களா?"

"யோசிப்பேன்."

"இல்லையென்றால்?"

"போக மாட்டேன். செத்தவன் எப்படி மன்னிப்புக் கேப்பான்?"

பலவேசம் மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே மடிப்பெல்லாம் நைந்துபோன ஒரு தாள்.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய தந்தி. அப்போது அவர் பம்பாயில் ஒரு மாவு மில்லில் இருந்தார். வள்ளியூரிலிருந்து அண்ணன் செல்லையா அடித்தது. பலவேசம் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் அந்த நாலு சொல் அவருக்கு மனப்பாடம். ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி.

அன்றைக்கு மில்லில் எல்லோரும் கூடினார்கள். எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். தாளைப் படித்துக் காட்டினார்கள். ஒருவர் பலவேசத்தின் தோளில் கை வைத்தார். இன்னொருவர் நாவிதரைக் கூட்டிவரப் போனார்.

அப்பா போய்விட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ரயிலில் இரண்டு ராத்திரி. போய்ச் சேர்வதற்குள் எரித்திருப்பார்கள். இனி ஓடி என்ன ஆகப்போகிறது?

பலவேசம் தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டார். கடற்கரைக்குப் போய் முழுகினார். சம்பளத்தை வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் ரயில் ஏறினார்.

ஐந்தாம் நாள் வீட்டுக்குள் நுழைந்தார். அப்பா முந்தின நாள் மத்தியானம்தான் இறந்திருந்தார். நாலு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தாராம்.

அண்ணன் அவருடைய மொட்டைத் தலையைப் பார்த்தான். தெருவே கேட்கக் கத்தினான்.

"உயிரோட கிடந்த மனுசனுக்கு மொட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கான் பாருங்கலே!"

அதோடு பேச்சு நின்றது.

முப்பத்தெட்டு வருடம் ஒருவன்மேல் கோபமாக இருப்பது லேசான காரியம் இல்லை. தினமும் எடுத்துத் துடைத்து வைக்க வேண்டும். பலவேசம் ஒருநாள்கூடத் தவறவிடவில்லை.

"ஒரு வக்கீல் சொன்னாரு சாமி. கிரிட்டிகல்னு இன்னொரு சொல் இருக்காமே. அதைப் போட்டிருந்தா நான் அன்னைக்கே ஏறியிருப்பேன். அவன் எட்டாவது படிச்சவன். தெரிஞ்சேதான் போடல. சொல்லுங்க, ரெண்டும் ஒண்ணா?"

"ஒன்றில்லை."

"அப்படிச் சொல்லுங்க!"

"சீரியஸ் என்றால் உடம்பு மோசம். கிரிட்டிகல் என்றால் எந்த நிமிடமும் எந்தப் பக்கமும் சாயும்."

"அப்போ எங்க அப்பாவுக்கு?"

"நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கிரிட்டிகல்."

"எழுதினது?"

"சீரியஸ்."

"அப்போ சொல்லு தப்பு!"

"அந்த ஒரு சொல் தப்பு."

பலவேசத்தின் முகம் மலர்ந்தது. முப்பத்தெட்டு வருட வழக்கு. ஒரு வரியில் தீர்ப்பு. அதுவும் தந்திச்சாமி வாயால்.

"இதை அவன் கேக்கணும் சாமி. அவன் காதால கேக்கணும்."

சாமி கையைத் துடைத்தார். தாளை வாங்கிக் கீரைக் குவியலின்மேல் விரித்தார். முதல் சொல்லில் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"ஃபாதர்."

"அர்த்தம்?"

"அப்பா."

"சந்தேகம் இருக்கிறதா?"

"இதுல என்ன சாமி சந்தேகம்?"

விரல் இரண்டாவது சொல்லைத் தாண்டியது.

"இது?"

"ஸ்டார்ட். கிளம்புன்னு அர்த்தம்."

"யாரையாவது கேட்க வேண்டுமா?"

"எதுக்கு? பஸ்ஸுல போற பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"கடைசிச் சொல்?"

"இமீடியட்லி."

"அர்த்தம்?"

பலவேசம் தாளின்மேல் குனிந்தார்.

கீழே சாலை வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது. பத்தரை மணி வண்டி. விட்டால் அடுத்தது சாயங்காலம்தான்.

"அண்ணாச்சி, அர்த்தம் கேட்டேன்."

"உடனே" என்றார் பலவேசம்.

சாமி கீரையைக் கையில் எடுத்தார்.

பலவேசம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் முதல் சொல்லுக்குப் போனது. மூன்றாவதுக்குப் போனது. நாலாவதுக்குப் போனது.

பிறகு ஓடினார்.

"அண்ணாச்சி, தந்தி!" என்று சாமி கூப்பிட்டார்.

அவர் திரும்பவில்லை.

வண்டி நகரும்போது கம்பியைப் பிடித்து ஏறினார். கண்டக்டர் அவரை உள்ளே இழுத்துப் போட்டான்.

"என்ன பெரியவரே, செருப்புகூட இல்லாம இப்படி ஓடி வாரீய? எங்க போகணும்?"

"வள்ளியூரு. அண்ணன் படுத்திருக்கான்."

"அடடா. இப்போ எப்படி இருக்காரு?"

"தெரியலப்பா" என்றார் பலவேசம். "வண்டிய வேகமா விடச் சொல்லு."