டீ ரோபோவுக்கு ஒரு மோட்டார்

சோமனூர்ப் பக்கம் கருக்கம்பாளையம் என்று ஓர் ஊர். விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர். அந்தச் சத்தத்தில் ஒருத்தர் சொல்வது இன்னொருத்தருக்குப் பாதிதான் கேட்கும். கேட்ட பாதியை வைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கிவிடுவார்கள். வெள்ளிங்கிரிக்கு முழுசாகக் கேட்டாலும் பாதிதான்.

அவன் பெண்டாட்டி மயிலாத்தா டீக்கடை வைத்திருந்தாள். டீ போடுவது அவள், தறிப் பட்டறைக்குக் கொண்டுபோவது இவன். வழியில் யாராவது "என்ன வெள்ளிங்கிரி?" என்று கேட்டுவிட்டால் போதும். நின்று, என்னவென்று யோசித்து, பதில் சொல்லிவிட்டுத்தான் நகருவான். அதற்குள் டீ ஆறிவிடும்.

பட்டறை முதலாளி ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டார். "இனி ஆறின டீ வந்துதுன்னா வேற கடையில சொல்லிக்குவேன்."

மயிலாத்தாவின் கடையே அந்தப் பட்டறையை நம்பித்தான் ஓடியது. வெள்ளிங்கிரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. போனை நோண்டிக்கொண்டு கிடந்தவனுக்கு ஒரு வீடியோ கிடைத்தது. 'வீட்டிலேயே ரோபோ செய்யலாம். யார் வேண்டுமானாலும் செய்யலாம். முதலில் விலை குறைவான மோட்டார் வாங்குங்கள்.'

தறி ஓட்டும் கூட்டாளிகள் ஆறுக்குட்டியையும் நாச்சிமுத்துவையும் கூப்பிட்டுக் காட்டினான்.

"யார் வேணும்னாலும்னு சொல்றானே, யாரைச் சொல்றான்?" என்றான் ஆறுக்குட்டி.

"எனக்கு வேணும். அப்ப என்னையத்தான் சொல்றான்" என்றான் வெள்ளிங்கிரி. மூவரும் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினார்கள்.

மோட்டார் என்று போர்டு போட்டிருந்த முதல் கடையில் நுழைந்தார்கள். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார், "எத்தனை அடி போர்?"

ஆறுக்குட்டி பதறிப்போனான். "அடியும் வேண்டாம், போரும் வேண்டாமுங்க. சமாதானமா டீ குடுக்கத்தான் போறோம்."

ரோபோவுக்கு என்று தெரிந்ததும், போர்வெல் மோட்டார் விற்கும் அவர் கும்பிடு போட்டு, எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைக்கு வழி சொல்லி அனுப்பினார்.

அங்கே கல்லாப் பக்கத்தில் ஷர்மிளா என்ற பெண் இருந்தாள். பொறுமைசாலி. அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுமைசாலி.

"புதுசாப் பழகறவங்களுக்கு, விலை கம்மியா ஒரு மோட்டார் வேணும் அம்மிணி" என்றான் வெள்ளிங்கிரி.

"செய்யலாங்ணா. ரோபோ எவ்வளவு வெயிட் வரும்?"

"இன்னும் செய்யலையே. செஞ்சாத்தானே தெரியும்?"

"சரிங்ணா, தூக்கிட்டுப் போற டீ எவ்வளவு வெயிட்?"

"அது குடிக்கக் குடிக்கக் குறையுமுங்க" என்றான் நாச்சிமுத்து.

ஷர்மிளா தண்ணீர் குடித்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "இது சும்மா மோட்டார். வேகமாச் சுத்தும், பாரம் இழுக்காது. இது செர்வோ. எவ்வளவு திரும்பணும்னு சொல்றமோ அவ்வளவு திரும்பி நின்னுக்கும்."

"நிக்கறதுக்கு எதுக்குக் காசு? என்ற மச்சினன் சும்மாவே நிக்கறான்" என்றான் நாச்சிமுத்து.

"அப்ப இந்த மஞ்சக் கலர் கியர் மோட்டார் எடுத்துக்குங்க. மெதுவாத்தான் போகும், ஆனா இழுக்கும். விலையும் கம்மி."

ஆறுக்குட்டி மற்ற இருவரையும் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். "கியர் இருந்தா லைசென்ஸ் கேப்பாங்கப்பா."

"ரோபோவைத்தானே கேப்பாங்க? நமக்கென்ன?" என்று வெள்ளிங்கிரி தைரியம் சொன்னான்.

"ரெண்டு வேணுங்ணா. இடது சக்கரத்துக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு" என்றாள் ஷர்மிளா.

வெள்ளிங்கிரி இரண்டையும் கையில் வைத்துச் செருப்புப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "இதுல எது இடது, எது வலது?"

"ரெண்டும் ஒண்ணுதாங்ணா."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டும் ஒண்ணுதான்னா, ஒண்ணே போதுமே!" என்றான் வெள்ளிங்கிரி. ஷர்மிளா வாயைத் திறந்தாள். அதற்குள் அவர்கள் ஒரே ஒரு மோட்டாருக்கும், சக்கரம் பேட்டரிக்கும் காசைக் கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டியிருந்தார்கள். மிச்சமான காசுக்கு முட்டை பரோட்டா தின்றார்கள்.

ஊருக்கு வந்து, மயிலாத்தாவின் எவர்சில்வர் தட்டத்தின் அடியில் மோட்டாரையும் சக்கரங்களையும் கட்டி, பேட்டரியை மாட்டி, மேலே டீ டம்ளர்களை அடுக்கினார்கள். வெள்ளிங்கிரி சுவிட்சைப் போட்டான். ரோபோ புறப்பட்டது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. புறப்பட்ட ரோபோ ஒரு வட்டமடித்து அவன் காலடிக்கே வந்தது. மறுபடி போனது. மறுபடி வந்தது.

"எதையோ மறந்துட்டுத் திரும்பி வருதாட்ட இருக்குது" என்றான் ஆறுக்குட்டி.

ஷர்மிளாவுக்குப் போன் போட்டார்கள். "ரெண்டாவது மோட்டார் வாங்கினாத்தாங்ணா நேராப் போகும்" என்றாள்.

வாங்கினார்கள். முதல் ரோபோதான் நன்றாக ஓடுகிறதே, அதை எதற்குப் பிரிப்பது என்று, இரண்டாவது மோட்டாரில் இரண்டாவது ரோபோ செய்தார்கள். மயிலாத்தாவின் இன்னொரு தட்டமும் போயிற்று. இந்தத் தடவை மோட்டாரை மறுபக்கச் சக்கரத்தில் கட்டியதால், அது எதிர்ப்பக்கமாக வட்டமடித்தது.

"ஒண்ணு இடமாப் போகுது, ஒண்ணு வலமாப் போகுது. கூட்டிக் கழிச்சா நேராத்தானே போகுது?" என்றான் நாச்சிமுத்து. வெள்ளிங்கிரிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

இரண்டு தட்டங்களும் கடை வாசலில் சுற்றுவதைப் பார்க்கத் தறிக்காரர்கள் ஓடி வந்தார்கள். சூடாக டீ குடித்தார்கள். பட்டறையில் தறிகள் நின்றன. முதலாளி மூச்சிரைக்க வந்தார். கோபத்தோடு வந்தவர், சுற்றுகிற தட்டத்திலிருந்து ஒரு டம்ளரை எடுத்து உறிஞ்சிப் பார்த்தார். நாக்கு சுட்டது.

"டீ உன்கிட்டயே வாங்கிக்கறேன் வெள்ளிங்கிரி. ஆனா என்ற ஆளுக இங்க வரக்கூடாது. உன்ற ரோபோவை அங்க கொண்டுவந்து சுத்த விடு" என்றார்.

அதிலிருந்து தினமும் பட்டறைக்கு ஊர்வலம்தான். ஒரு ரோபோவை வெள்ளிங்கிரி தூக்கிக்கொண்டு முன்னால் போவான். இன்னொன்றைத் தறி வேலையை விட்டுவிட்டு ஆறுக்குட்டி தூக்கிக்கொள்வான். டீ கேனை, அதேபோல வேலையை விட்டு வந்த நாச்சிமுத்து சுமப்பான். கேன் மூடியிருப்பதால் டீயும் ஆறுவதில்லை.

மயிலாத்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏனுங்க, ஒத்தை ஆளு கொண்டுபோன டீக்கு இப்ப மூணு ஆளா?"

வெள்ளிங்கிரி ரோபோவைத் தோள் மாற்றி வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

"மெஷின் வந்தா ஆளுகளுக்கு வேலை போயிரும்னு ஊரெல்லாம் பயப்படறாங்க மயிலாத்தா. நம்ம கடையில பாரு, மூணு பேருக்கு வேலை கிடைச்சிருக்குது!"

மழைக்காலம் நெருங்குகிறது. ரோபோக்களுக்குக் குடை பிடிக்க இன்னும் இரண்டு பேரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.