கை காலியா இல்லீங்க

பள்ளிக்கூடத்தின் சனிக்கிழமை வகுப்பில் தாயும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து ஊர்க்கூட்டம் நடத்தப் பழகினார்கள். செங்கமலமும் மகள் நிவேதாவும் அங்கேதான் விஷயத்தைப் பிடித்தார்கள். தலைவர் தவசிலிங்கம் வாசித்ததும் ஜனம் கை தட்டினால் தீர்மானம் நிறைவேறிவிடும். போன கூட்டத்தில் அப்படித் தட்டித்தான் விளையாட்டுத் திடலைத் தொலைத்தார்கள். இந்த முறை தெருக்குழாய். தலைவரின் மச்சானுக்குக் கடை வைக்க வேறு இடமே கிடைக்கவில்லையாம்.

"தட்டாம உட்காரலாம்மா."

"தட்டாத கையைப் பார்த்து வெச்சுக்குவான்டி. நாளைக்கே நூறு நாள் வேலை போயிடும்."

"அப்ப கையில எதையாவது பிடிச்சுக்கணும்."

செங்கமலம் மூலையிலிருந்த குடத்தைப் பார்த்தாள். இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள்.

கூட்டத்தில் எல்லார் மடியிலும் குடம். இரண்டு கையாலும் அணைத்திருந்தார்கள். தலைவர் வாசித்து முடித்தார். ஒரு கைகூடத் தட்டவில்லை.

"எவ எதிர்க்கிறா? எழுந்து நில்லு."

செங்கமலம் குடத்தோடு எழுந்தாள். "யாரும் எதிர்க்கலைங்க. கை காலியா இல்லீங்க."

"குடத்தைக் கீழே வையேன்."

"வைக்கிறோங்க. நாங்க குடம் வைக்கிற இடம் குழாயடிதானுங்களே."

மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரி கேட்டார்: "குழாயை எடுத்துட்டு அங்க என்ன வரப்போகுது?"

தலைவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் கூரையைப் பார்த்தார். அதிகாரி தீர்மானத்தில் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினார்.

செங்கமலத்தின் விரல்கள் குடத்திலேயே மரத்துப்போயிருந்தன. குழாயடிக்குப் போய்த்தான் நிவேதா அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். குடத்தைக் கீழே வைத்த பிறகு இருவரும் கை தட்டினார்கள்.