ஐம்பதில் ஆடும் வண்டி

உருளிப்பாளையத்துக்கு எந்த பஸ் போகும் என்று அந்த ஊர்க்காரர்களிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். "இங்கிருந்து போற பஸ்தானுங்க இருக்குது, இங்க வர்ற பஸ் கிடையாது" என்பார்கள். வராத பஸ் எப்படிப் போகிறது என்று கேட்டீர்களோ, தொலைந்தது. மூன்று பேர் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குள் பஸ் போய்விடும்.

யோசிக்கிற அந்த மூன்று பேரில் ஒருவன் வெள்ளிங்கிரி. வீட்டு எருமையை விற்றுப் புத்தம்புது பிக்கப் வண்டி வாங்கியவன். இரண்டாவது ஆள் செம்மலை. வெள்ளிங்கிரியின் மனைவி மயிலாத்தாளுக்கு அண்ணன். மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டு நாச்சான். ஊரிலேயே பெரிய மூளை என்று பேர். அவர் கண்ணை மூடினால் யோசிக்கிறார் என்று அர்த்தம். குறட்டை வந்தால் முடிவுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

வண்டி நாற்பது வரைக்கும் தங்கமாகத்தான் போனது. முள் ஐம்பதைத் தொட்டதும் சாமி வந்துவிட்டது. ஸ்டியரிங் குலுங்கியது, கண்ணாடி குலுங்கியது, வெள்ளிங்கிரியின் மீசை தனியாகக் குலுங்கியது.

"ஏ-ஏ-ஏனுங் ம-ம-மச்சான், வ-வ-வண்டி ஆ-ஆ-ஆடுதுங்களா?"

"இ-இ-இல்லீங் மா-மா-மாப்ளே, ந-ந-நல்லாத்தான் போ-போ-போகுது!"

வீட்டில் மயிலாத்தாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "எருமை நின்ன இடத்துல நின்னு பால் குடுத்துச்சு. இது நிக்காம ஆடுது. லோடு ஒண்ணு நிரந்தரமாக் கிடைக்கலீன்னா வண்டியக் குடுத்துட்டு எருமையவே திருப்பிக் கொண்டாந்துருவேன். கறக்கறது நீங்கதான்."

வெள்ளிங்கிரி தொடையைத் தடவிக்கொண்டான். அந்த எருமை ஊரில் யாரையும் உதைக்காது. அவனை மட்டும் தேடி வந்து உதைக்கும்.

நல்லவேளையாக முட்டைப் பண்ணை பொன்னரசி அம்மா ஒரு வாய்ப்புக் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை காலையில காலேஜ் ஹாஸ்டல் சமையக்கட்டுக்கு முட்டை போகோணும். ஒழுங்காப் போச்சுன்னா தினமும் லோடு உனக்குத்தான். ஒரே ஒரு முட்டை உடைஞ்சு ஒழுகுச்சுன்னாலும் அடுத்த நாளே வேற வண்டி. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க. ஒழுகக் கூடாது."

உடனே மெக்கானிக் ஸ்டீபனுக்கு போன் போட்டான். ஸ்டீபன் பெண்டாட்டியின் பிரசவத்துக்காக மாமனார் ஊரில் இருந்தான். பின்னால் குழந்தை வீல் வீல் என்று கத்தியது. அதற்கு மேல் ஸ்டீபன் கத்தினான்.

"அண்ணா, ஆட்டம் முன்னாடியா பின்னாடியான்னு மொதல்ல கண்டுபுடிங்க! ஒருத்தர் முன்னாடி உக்காருங்க, ஒருத்தர் பின்னாடி உக்காருங்க, பாருங்க!"

அப்படியே செய்தார்கள். வெள்ளிங்கிரி முன்னால் ஓட்டினான். செம்மலை பின்னால் தொட்டியில் உட்கார்ந்தான். வண்டி ஐம்பதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

"மாப்ளே, ஆட்டம் முன்னாடிதான். என் கண்ணால பாத்தேன். உங்க தலை பம்பரமாட்ட ஆடுச்சு."

"இல்லீங் மச்சான், பின்னாடிதான். கண்ணாடியில நானும் பாத்தேன். உங்க தலை கழண்டு விழுகறாப்புல ஆடுச்சு."

"நான் பாத்தது பொய்யா?"

"அப்ப நான் பாத்தது?"

மச்சான் மாப்பிள்ளை சண்டை ஆகிவிடும்போல இருந்ததால், நடுநிலையாக ஒருவர் வேண்டும் என்று நாச்சானை ரோட்டோரம் நிறுத்தினார்கள். வண்டி அவரைக் கடந்து போய்விட்டுத் திரும்பியது. நாச்சான் கண்ணை மூடினார். குறட்டை வந்தது. முடிவும் வந்தது.

"வண்டி ஆடவே இல்லீப்பா. கண் கொட்டாமப் பாத்தேன். நீங்க ரெண்டு பேருந்தான் ஆடிட்டிருந்தீங்க. வண்டி, பாவம், உங்களைச் சமாளிச்சுட்டு எப்படியோ போய்ச் சேந்துச்சு."

இருவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. புது வண்டியை இப்படியா படுத்துவது? தேங்காய் நார்க்கயிறு எடுத்துவந்து வெள்ளிங்கிரியை சீட்டோடு இறுக்கிக் கட்டினார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் நல்ல கட்டு. வண்டி கிளம்பியது. ஐம்பதைத் தொட்டது. ஆடியது. பிரேக்கை மிதிக்கலாம் என்று பார்த்தால் கால் கட்டுக்குள் இருந்தது. வைக்கோல் போர் ஒன்று எதிரே வந்து வண்டியை நிறுத்தியது.

"நின்னதும் ஆட்டமும் நின்னுருச்சு பாத்தீங்களா?" என்றான் செம்மலை, வைக்கோலைத் துப்பிக்கொண்டே. "பாதி ரிப்பேர் முடிஞ்சுது மாப்ளே!"

மறுபடி போன். மறுபடி குழந்தை.

"அண்ணா, அப்படின்னா முன் டயரக் கழட்டிப் பின்னாடி போடுங்க, பின் டயர முன்னாடி போடுங்க. ஆட்டம் மாறுதான்னு பாருங்க!"

நாலு டயரையும் கழற்ற வேண்டுமே என்று வெள்ளிங்கிரி ஜாக்கியைத் தேடப் போனான். நாச்சான் தடுத்தார்.

"எதுக்குக் கழட்டறே? இப்ப வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்குது?"

"கோயிலப் பாத்துங்ணா."

"கோயில் பக்கம் எந்த டயரு?"

"முன் டயரு."

"வண்டியத் திருப்பி நிறுத்து."

திருப்பி நிறுத்தினான்.

"இப்பக் கோயில் பக்கம் எந்த டயரு?"

வெள்ளிங்கிரிக்குப் புல்லரித்தது. பின் டயர்! ஒரு நட்டுக்கூடக் கழற்றாமல் முன்னால் வந்துவிட்டது! ஸ்டீபன் இதற்குக் கூலி வாங்கியிருப்பானே என்று செம்மலை பெருமூச்சு விட்டான்.

இனி பின் டயர் முன்னால் போக வேண்டும் என்றால் ரிவர்ஸில்தானே போக வேண்டும்? போனார்கள். கோயில் வரைக்கும் ரிவர்ஸில் போனார்கள். துளி ஆட்டமில்லை. நாச்சான் வண்டிக்கு முன்னால் நடந்தே வந்தார், அவ்வளவு சுகமான வேகம். முன்னால் என்றால் பின்னால். அவர்களுக்கே குழம்பிவிட்டது, நாம் விட்டுவிடுவோம்.

இப்படியே ஹாஸ்டலுக்கும் போய்விடலாம் என்றுதான் வெள்ளிங்கிரி நினைத்தான். ஆனால் ரிவர்ஸில் போனால் போகப் போகக் கழுத்து வலித்தது. செம்மலையைக் கண்ணாக வைத்துக்கொண்டு ஓட்டினால், "வலது, வலது, இல்லீங், எனக்கு வலது" என்று சொல்லி வண்டியை வாய்க்காலில் இறக்கிவிட்டான்.

மூன்றாவது போன்.

"என்னது, ரிவர்ஸா?" ஸ்டீபன் போட்ட சத்தத்தில் குழந்தைகூடக் கத்துவதை நிறுத்திவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னான். "அண்ணா. சக்கரத்து விளிம்புல சின்னச் சின்ன ஈயக்கட்டி ஒட்டியிருக்கும். சக்கரம் ஆடாமச் சுத்தறதுக்கு வெச்சது. அதுல ஏதாச்சும் விழுந்துருச்சான்னு மட்டும் பாருங்க. நான் வந்தர்றேன்."

பார்த்தார்கள். பார்த்ததும் மூன்று பேருக்கும் ரத்தம் கொதித்தது.

"மாப்ளே, இங்க வாங்க! இந்தச் சக்கரத்துக்கு நாலு ஈயம். இதுக்கு ரெண்டு. இதுக்கு ஒண்ணே ஒண்ணு!"

"அந்தப் பின் சக்கரத்துக்கு மூணு இருக்குதுங் மச்சான்!"

"இது அநியாயமில்லையா?" நாச்சான் துண்டை உதறித் தோளில் போட்டார். "நாலும் ஒரே வண்டிச் சக்கரம். ஒரே ரோட்டுல ஓடுது. ஒண்ணுக்கு நாலு, ஒண்ணுக்கு ஒண்ணுன்னா, ஒத்தைக்காரன் ஆடாம என்ன பண்ணுவான்? வயித்தெரிச்சல்ல ஆடறான்!"

"வண்டிப் பூசையன்னைக்கும் இதே கதைதானுங்ணா," என்றான் வெள்ளிங்கிரி. "எலுமிச்சம்பழம் வெச்சது முன் சக்கரத்துக்குத்தான். பின் சக்கரத்த ஒருத்தரும் கேக்கல."

வேப்பமரத்தடியில் பஞ்சாயத்து கூடியது. வாதி, பிரதிவாதி எல்லாமே சக்கரங்கள். பேசத் தெரியாததால் அவற்றுக்காக மூவருமே பேசினார்கள். ஈயத்தை எல்லாம் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து, ஒரு தாம்பாளத்தில் வைத்து, எல்லாருக்கும் சமமாகப் பங்கு போடுவது என்று தீர்ப்பானது. பத்து ஈயத்தை நாலு சக்கரத்துக்குப் பிரித்தால் இரண்டு மிஞ்சியது. அதற்குத் தகராறு வரும் என்று எல்லாரும் பயந்தபோது, வண்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்டெப்னி செம்மலையின் கண்ணில் பட்டது.

"இவனும் நம்ம பையன்தானுங்களே? ஓடலீன்னா பங்கு இல்லைன்னு ஆயிருமா?"

வெள்ளிங்கிரியின் கண் கலங்கிவிட்டது. ஆளுக்கு இரண்டாகப் பசை தடவி ஒட்டினார்கள். நீதி நிலைநாட்டப்பட்டது.

அதன் பிறகு வண்டி முப்பதிலேயே ஆட ஆரம்பித்தது.

"சந்தோசத்துல ஆடுது" என்றார் நாச்சான்.

இதற்குள் வியாழக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. பண்ணையில் முட்டை அட்டைகளை ஏற்றி, வீடு வரைக்கும் நடை வேகத்தில் ஓட்டி வந்தான் வெள்ளிங்கிரி. விடிந்தால் ஹாஸ்டல். நடுவில் முப்பதுக்குக் குறையாமல் ஓட வேண்டிய பைபாஸ் ரோடு. கொட்டகையில் எருமை கட்டியிருந்த முளைக்குச்சியைப் பார்த்தான். தொடை தானாக வலித்தது.

"அந்தம்மா என்ன சொன்னாங்க? ஒரு தடவை அப்படியே சொல்லு" என்றார் நாச்சான்.

"ஒரு முட்டை உடைஞ்சு ஒழுகினாலும் லோடு இல்லைன்னாங்க."

நாச்சான் கண்ணை மூடினார். இந்தத் தடவை குறட்டை வர வெகுநேரம் ஆனது. மச்சானும் மாப்பிள்ளையும் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள்.

"உடையறது நம்ம கையில இல்ல. ஒழுகறது நம்ம கையிலதான் இருக்குது. வேக வெச்சுரு."

கோயில் விருந்து அண்டாக்கள் மூன்றும் அடுப்பில் ஏறின. மொத்த லோடையும் அவித்தார்கள். எடுத்து அட்டையில் அடுக்கினால் ஈரத்தில் அட்டை கூழாகியது. அதனால் சாக்கில் கொட்டிக் கட்டினார்கள். விடியற்காலையில் வெள்ளிங்கிரி தைரியமாக அழுத்தினான். ஐம்பது என்ன, அறுபதே தொட்டான். வண்டி போன வழியெல்லாம் சலங்கை கட்டியதுபோலச் சத்தம்.

ஹாஸ்டல் சமையல் மாஸ்டர் சாக்கை அவிழ்த்துப் பார்த்தார். ஓடெல்லாம் நொறுங்கி உதிர்ந்து சாக்கின் அடியில் கிடந்தது. மேலே வெள்ளை வெளேரென்று மல்லிகைப் பூப்போல முட்டைகள்.

வெள்ளிங்கிரி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"யோவ்! இன்னிக்கு முட்டை மசாலா. என்கிட்ட உரிக்க ஆளில்லாம நான் தலையில கைய வெச்சு உக்காந்திருந்தேன். வேக வெச்சு, உரிச்சும் கொண்டாந்திருக்கியே! யாருய்யா உரிச்சது?"

"வண்டிங்க" என்றான் வெள்ளிங்கிரி.

மாஸ்டர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அங்கேயே பொன்னரசி அம்மாவுக்கு போன் செய்து, "தினமும் இந்தத் தம்பிதான் வரோணும், தினமும் இப்படியே வரோணும்" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் மயிலாத்தாள் புருசனுக்குப் பணியாரம் சுட்டாள். எருமைப் பேச்சே எழவில்லை. மூவரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனார்கள். அந்த நேரம் பார்த்து ஸ்டீபன் ஊர் திரும்பினான். ஸ்டெப்னியில் ஈயம் ஒட்டியிருந்ததைப் பார்த்துக் கொஞ்ச நேரம் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். பிறகு பாவம் என்று நினைத்து, எல்லாச் சக்கரத்தையும் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், முறையாக பேலன்ஸ் பார்த்து மாட்டினான். போகும்போது வெள்ளிங்கிரியை எழுப்பிச் சொன்னான்.

"அண்ணா, நூறுல போனாலும் ஆடாது. குழந்தை பொறந்த சந்தோசம், கூலி வேண்டாம். ஆனா இனிமே அந்த ஈயத்தத் தொட்டீங்க, கைய ஒடிச்சுருவேன்."

சனிக்கிழமை வண்டி எண்ணெயில் வழுக்கிப் போவதுபோலப் போனது. முந்தின நாள்போலவே வேக வைத்துக் கட்டிய சாக்கை ஹாஸ்டலில் அவிழ்த்தார்கள். ஒரு முட்டைகூட உரியவில்லை. அத்தனையும் ஓட்டோடு உட்கார்ந்து வெள்ளிங்கிரியைப் பார்த்தன.

"என்னய்யா, நேத்து அவ்வளவு நல்லா வேலை செஞ்சியே?" மாஸ்டரின் முகம் சுருங்கிவிட்டது. "நாளைக்கும் இப்படின்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

திரும்பி வரும்போது வெள்ளிங்கிரிக்கு அழுகை வந்தது. வண்டி ஆடாததால் அழுகைகூட நடுங்காமல் நேராக வந்தது.

"அந்த ஈயத்தக் கழட்டிப் பழையபடி ஒட்டிரலாமுங் மாப்ளே" என்றான் செம்மலை.

"தொட்டாக் கைய ஒடிப்பேன்னு சொல்லிட்டுப் போயிருக்கானுங் மச்சான்."

அது உண்மைதான். கை இல்லாமல் எப்படி ஓட்டுவது? இருவரும் நாச்சானைப் பார்த்தார்கள். அவர் ஏற்கெனவே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். விழித்ததும், "கடப்பாரை எத்தனை இருக்குது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வாத்தியார் ஒருவர் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். ஹாஸ்டலுக்குப் போகும் வழியில் புதிதாகப் போட்ட தார் ரோட்டை மூன்று பேர் வரிசையாக நின்று கொத்திக்கொண்டிருந்தார்கள். ஆடு படுக்கிற அளவுக்குக் குழி, அடுத்து ஒரு மேடு, மறுபடி குழி. வேர்வை ஆறாக ஓடியது.

"அடப் பாவிகளா! நல்லா இருக்கற ரோட்ட எதுக்குப்பா கொத்தறீங்க?"

வெள்ளிங்கிரி கடப்பாரையை ஊன்றி நிமிர்ந்தான். நெற்றி வேர்வையை வழித்துவிட்டான். ரொம்பவும் மரியாதையாகச் சொன்னான்.

"வண்டியில சின்ன ரிப்பேருங்க சார். பாத்துட்டிருக்கறம்."