பாறைக்குக் கீழே ஃபில்டர்

"குளம் கெட்டுப்போச்சும்மா."

தணிகாசலம் வாழையிலையில் இரண்டு மீன்களை ஏந்திக்கொண்டு நின்றார். ஆரஞ்சு நிறக் கெண்டைகள். உயிர் இல்லை.

சுடர்க்கொடி அம்மா எழுந்து கொல்லைப்பக்கம் நடந்தார். ஏலகிரி மலையில் ஒரு சின்ன வீட்டில் தியானம் சொல்லித் தருகிறவர் அவர். தணிகாசலத்தைவிட வயதில் ரொம்பவே இளையவர். மனைவி மரகதம் இறந்தபிறகு, வீட்டில் இருக்க முடியாமல், தணிகாசலம் அவரைத் தேடி வந்து சேர்ந்திருந்தார்.

வந்த அன்றே உபதேசம் கேட்டார்.

"உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்றார் அம்மா.

"தோட்டத்துல குளம் கட்டுவேன். பெரிய பெரிய பங்களாவுக்கெல்லாம் கட்டியிருக்கேன்."

"பின்னாடி இடம் சும்மா கிடக்கு. கட்டுங்க."

கட்டினார். அப்படி ஒரு குளத்தை அவரே அதுவரை கட்டியதில்லை. வயரைக் குழாய்க்குள் விட்டு மண்ணுக்கடியில் கொண்டுபோனார். மோட்டாரையும் ஃபில்டரையும் ஒரு குழிக்குள் இறக்கி, மேலே பெரிய பாறையை வைத்து, சுற்றிலும் சிமென்ட் பூசினார். பூச்சு தெரியக் கூடாதென்று அதன்மேல் பாசியையும் ஒட்டிவைத்தார். பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் சுனைபோல வழிந்தது.

வந்தவர்கள் எல்லாம் அசந்துபோனார்கள்.

"மோட்டாரே இல்லாம எப்படிங்க?"

தணிகாசலம் சிரிப்பார்.

இப்போது அந்தச் சுனை நூலாக மெலிந்திருந்தது. தண்ணீர் பச்சையாய்க் கலங்கி, வாடை அடித்தது. மிச்சமிருந்த மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"ஃபில்டரைக் கடைசியா எப்போ கழுவினீங்க?"

"கழுவலைம்மா. பாறையை உடைச்சாத்தான் உள்ளே கை போகும்."

"இதுக்கு முன்னாடி கட்டின குளமெல்லாம்?"

"கட்டிக் கொடுத்துட்டு வந்துடுவேன். அப்புறம் அந்தப் பக்கம் போனதில்லை."

"இங்கே கூடவேதான் இருந்தீங்க, ஐயா."

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது.

"சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சும்மா. ஓடிட்டுதானே இருக்குன்னு..."



இப்படித்தான் ஆஸ்பத்திரியிலும் சொன்னார். மரகதத்துக்கு எவ்வளவு நாளாக வலி இருக்கிறது என்று டாக்டர் கேட்டபோது. "வேலையெல்லாம் செஞ்சிட்டுதானே இருந்தா, டாக்டர்."

யார் வீட்டுக்கு வந்தாலும் மரகதம் சிரித்த முகமாய்க் காபியோடு வருவாள். "நம்ம வீட்டுல எல்லாம் தானா நடக்கும்" என்று அவர் பெருமையடித்துக்கொள்வார். அவள் உள்ளே போய், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றதை ஒருமுறை பார்த்திருக்கிறார்.

பார்த்துவிட்டு, வந்தவர்களோடு பேசப் போய்விட்டார்.

அம்மா மோட்டாரை நிறுத்தினார். கடப்பாரையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

தணிகாசலம் தன் பாறையைத் தானே உடைத்தார். பார்த்துப் பார்த்து ஒட்டிய பாசி பாளம் பாளமாய் விழுந்தது. கீழே ஃபில்டரின் ஸ்பாஞ்சு கறுத்து, சேறாகி, கல்லைப்போலக் கனத்தது. குழாயடியில் உட்கார்ந்து அதைக் கசக்கினார். கறுப்புத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

"இப்போ திறந்து என்ன பிரயோஜனம்மா?"

அவர் குளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அது அம்மாவுக்கும் தெரிந்தது.

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கியிருந்தார். உயிரோடிருந்த மீன்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நல்ல தண்ணீர்த் தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தார்.

"இதுங்க இன்னும் உயிரோட இருக்கே, ஐயா" என்றார்.

தணிகாசலம் கையைத் துடைத்துக்கொண்டு, திருப்பத்தூரில் இருக்கும் மகள் வளர்மதிக்குப் போன் போட்டார்.

"எப்படிம்மா இருக்கே?"

"நல்லா இருக்கேன்ப்பா."

எப்போதும் இதைக் கேட்டதும் சரிம்மா என்று வைத்துவிடுவார்.

"நிஜமாவே எப்படி இருக்கே, வளர்?"

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அம்மாகிட்ட ஒரு நாளாவது இப்படிக் கேட்டீங்களாப்பா?" என்றாள் வளர்மதி.

"இல்லைம்மா" என்றார் தணிகாசலம். "நீ சொல்லு."