குழாய் போடாத இணைப்பு

“டீச்சரம்மா, எனக்கு எப்பதான் சால்டரிங் ராடைக் கையில கொடுப்பீங்க?”

காசிலிங்கம் கேட்டார். லாரி ஓட்டி முதுகு போனவர். ரெஜினாவின் கம்ப்யூட்டர் கடையில் வேலை பழக வந்திருந்தார். அவளுக்கு அவருடைய மகள் வயதுதான்.

“இப்போதைக்குப் பாருங்கண்ணே.”

“பார்த்துப் பார்த்துக் கண்ணு தேஞ்சுபோச்சு.”

அவள் சிரிக்கவில்லை.

மேசையில் ஒரு பவர் சப்ளை. அதன் கம்பிகள் வாடிக்கையாளரின் புதிய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் எட்டவில்லை. ஒவ்வொன்றையும் வெட்டி, நடுவே துண்டு சேர்த்து, சூடான ராடால் ஈயம் உருக்கிப் பற்றவைக்க வேண்டும். இணைப்பின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய். சூடு காட்டினால் சுருங்கி இறுகும். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு வலையுறை.

குழாயை முதலிலேயே கம்பியில் கோத்துவிட வேண்டும். முனைகள் சேர்ந்தபின் அது நுழையாது.

ரெஜினா மஞ்சள் கம்பியை எடுத்தாள். முனைகளை முறுக்கினாள். குழாயைக் கோக்கவில்லை.

காசிலிங்கம் வாய் திறந்தார். மூடிக்கொண்டார்.

ஈயம் உருகி ஓடியது. குறை சொல்ல முடியாத இணைப்பு.

குழாய் மேசையிலேயே கிடந்தது.

“பார்த்தீங்களா அண்ணே?”

“பார்த்தேன்மா.”

“எப்போ?”

“நீங்க முறுக்கும்போதே.”

“ஏன் சொல்லலை?”

“ஏதோ புது முறையா இருக்கும்னு நினைச்சேன்.”

“நிஜமாவா?”

அவர் தலை குனிந்தார்.

“இல்லம்மா. சொன்னா கோவிச்சுக்குவீங்க. அப்புறம் ராடைத் தரவே மாட்டீங்கன்னு...”

அவள் குழாயை விரலால் உருட்டினாள்.

“டேப் சுத்தி உறையை இழுத்துட்டா ஒருத்தருக்கும் தெரியாதும்மா.”

“டேப் கழண்டு பக்கத்துக் கம்பியில பட்டா மெஷினுக்குத் தெரியும்.”

கத்தரியை எடுத்து அந்த இணைப்பை நறுக்கினாள். துண்டு தரையில் விழுந்தது.

பவர் சப்ளை பக்கம் மஞ்சள் கம்பி விரல் நீளம்கூட இல்லை. இன்னொரு முறை வெட்ட இடமில்லை.

வாடிக்கையாளர் வாசலில் வந்து நின்றார். “ஆச்சாங்க?”

“உட்காருங்க சார்.”

ரெஜினா புதிய துண்டை எடுத்தாள். முனைகளை முறுக்கினாள்.

குழாய் மேசையில் கிடந்தது.

காசிலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. ராடின் நுனியில் புகை எழுந்தது. அது கம்பியை நெருங்கியது.

“நிறுத்து!”

வாடிக்கையாளர் திடுக்கிட்டு எழுந்தார்.

காசிலிங்கத்தின் கை ராடின் பிடியை இறுகப் பற்றியிருந்தது.

ரெஜினா ராடை அவரிடமே விட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டாள்.